ஸ்மார்ட் போர்டில் பத்துக்குப் பத்து, தாளில் 1/2 + 1/3 = 2/5. எங்கே தவறுகிறேன்?

கணக்கு டீச்சர் (கேள்வி):

வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் 31 பிள்ளைகள். போன ஆண்டு பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தார்கள். அதோடு கணக்குக்கென்று ஒரு செயலியும் வந்தது. முதலில் பாட வீடியோ, முடிவில் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. சரியாகத் தொட்டால் பச்சை விளக்கும் மணிச் சத்தமும். தப்பாகத் தொட்டால் ஒரு தவளை கத்தும். (தவளைக்காகவே தப்பாகத் தொடுகிற இரண்டு பேர் இருக்கிறார்கள். அதை இப்போதைக்கு விடுங்கள்.)

பொங்கல் விடுமுறை முடிந்து மூன்றாம் பருவத்தில் பின்னங்கள் தொடங்கினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து தொட, முதல் நாள் வகுப்பின் மதிப்பெண் பத்துக்கு நான்கு. நான்காம் நாள் பத்துக்குப் பத்து. மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைமை ஆசிரியரை வேறு கூப்பிட்டுக் காட்டினேன். வெள்ளிக்கிழமை அரைத்தாளில் ஐந்து கணக்கு கொடுத்தேன். 1/2 + 1/3 என்ற கணக்குக்கு 22 பேர் 2/5 என்று எழுதியிருந்தார்கள். அதே கணக்கு போர்டிலும் இருந்தது!

ஒரு மாணவியைக் கூப்பிட்டு, "போர்டுல சரியாத்தானே தொட்ட?" என்று கேட்டேன். "அது மூணாவது கட்டம் டீச்சர்" என்றாள். விடைகளின் வரிசை ஒருநாளும் மாறுவதில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

பி.எட்.டில் கற்றல் கொள்கைகள் என்று பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலி, கோஹ்லரின் குரங்கு என்று ஒரு மிருகக்காட்சிசாலையே படித்தோம். குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜேவும் வைகாட்ஸ்கியும் ஒரே ஆண்டில், 1896-ல் பிறந்தவர்கள் என்பதுவரை டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்தேன். குழந்தை மேம்பாட்டுப் பகுதியில் 30-க்கு 26 வாங்கினேன். திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையில் என்ன செய்வது என்று அந்த 26 மதிப்பெண் சொல்லவில்லை.

இந்தக் கொள்கைகளால் வகுப்பறையில் உண்மையிலேயே பயன் உண்டா? போர்டை மூடிவைத்துவிட்டுப் பழையபடி சாக்பீஸை எடுக்கலாமா?

மலைப்பள்ளி:

மூடிவையுங்கள். எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் பள்ளி விவரங்களைக் கணினியில் பதிவேற்றிக்கொண்டிருந்தால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்கவேண்டும். இதில் ஸ்கின்னர் யார், சாக்ரடீஸ் யார்? போர்டில் பாட்டுப் போட்டால் சின்ன வகுப்பு அரைமணி நேரம் சத்தமில்லாமல் இருக்கும். எனக்குத் தெரிந்த கல்வித் தொழில்நுட்பம் அதுதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

மலைப்பள்ளி சார் சொல்கிற வலி எனக்கும் தெரியும். விழுப்புரம் மாவட்டத்தில் 34 வருடம் ஆரம்பப் பள்ளியில் இருந்தவன். ஆனாலும் டீச்சர், போர்டை மூடவேண்டாம்.

'மூணாவது கட்டம்' என்று சொன்ன அந்தப் பிள்ளை எதுவும் கற்காமல் இல்லை. எதற்கு மணி அடித்ததோ அதைக் கற்றிருக்கிறாள். மணி பின்னத்துக்கு அடிக்கவில்லை, இடத்துக்கு அடித்தது. தார்ண்டைக்கின் பூனை கூண்டைத் திறக்கக் கற்றதும் இப்படித்தான். தாழ்ப்பாள் எப்படி வேலை செய்கிறது என்று பூனைக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

பரிசு கிடைக்கிற செயல் பழக்கமாகும் என்று எலியை வைத்துக் காட்டியவர் என்பதால் இதற்கு ஸ்கின்னரைத் திட்டுவார்கள். பாவம் அவர். 1953 நவம்பரில் தன் மகள் படித்த நான்காம் வகுப்புக்குப் போய்க் கணக்குப் பாடத்தை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இரண்டு விஷயம் அவரை உறுத்தின. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் போகவேண்டியிருந்தது, போட்ட கணக்கு சரியா என்று உடனே தெரியவும் வழியில்லை. அதற்காகத்தான் கற்பிக்கும் எந்திரம் செய்யக் கிளம்பினார். அவருடைய எந்திரத்தில் நான்கில் ஒன்றைத் தொடுகிற வேலையே கிடையாது. பிள்ளை விடையைத் தானே உண்டாக்கவேண்டும், கொடுத்த விடைகளிலிருந்து பொறுக்கக் கூடாது என்று 1958-ல் எழுதிய கட்டுரையில் வற்புறுத்தியிருக்கிறார். பொத்தானை அமுக்கி விடையைத் தேர்ந்தெடுக்கிற எந்திரம் அவருக்கு முன்பே, 1920-களில், சிட்னி பிரெஸ்ஸி என்பவர் செய்தது. சரியாக அமுக்கினால் மிட்டாய் விழுகிற ஏற்பாடுகூட அதில் இருந்தது. உங்கள் போர்டு பிரெஸ்ஸி வீட்டுப் பேரன், டீச்சர். மிட்டாய்க்குப் பதில் மணி.

எந்திரம்தான் இப்படிச் செய்யும் என்றும் நினைக்காதீர்கள். செயல்வழிக் கற்றல் வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கலாம், நீங்களே அப்போது பாயில் உட்கார்ந்து படித்திருப்பீர்கள். ஆந்திராவில் ரிஷிவேலி பள்ளிக்காரர்கள் கிராமப் பள்ளிகளுக்குச் செய்த அட்டை முறையிலிருந்து எடுத்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-08-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. கரும்பலகை, பிள்ளை உட்கார்ந்தபடி எழுதுகிற உயரத்துக்குச் சுவரில் இறங்கியது. எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று படிப்படியாகக் காட்டுகிற கற்றல் ஏணி சுவரில், அட்டைகள் தட்டுகளில். ஆசிரியர் உதவியோடு படிக்கிற குழு, சக மாணவர் உதவியோடு படிக்கிற குழு, தானே படிக்கிற குழு. கையால் தொட்டுக் கற்கவேண்டும் என்ற மாண்டிசோரி, தானே செய்து அறியவேண்டும் என்ற பியாஜே, துணையோடு கற்கவேண்டும் என்ற வைகாட்ஸ்கி மூன்று பேரும் ஒரே பாயில் வந்து உட்கார்ந்த மாதிரிதான்.

முதலில் நான் முனகினேன், அப்புறம் பிடித்துப்போனது. ஆனால் ஆய்வுக்கு வருகிறவர்கள், பிள்ளை ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு போவார்கள். பிள்ளைகளுக்கும் படி ஏறுவதே ஆட்டமாகிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரே நாளில் ஏழு அட்டை முடித்தான். எனக்குச் சந்தேகம். ஈர்க்குச்சிகளைக் கொடுத்தேன், பத்துப் பத்தாக ரப்பர் போட்ட கட்டுகளும் உதிரிகளும். "24 எடு" என்றேன். ஒரு கையில் இரண்டு உதிரிக் குச்சி, மறு கையில் நான்கு உதிரிக் குச்சி எடுத்து நீட்டினான். அட்டையில் 2-க்கு ஒரு பெட்டி, 4-க்கு ஒரு பெட்டி. பெட்டியை நிரப்பத் தெரிந்திருந்தது, கட்டு தெரியவில்லை. உங்கள் மூணாவது கட்டத்துக்கு அண்ணன் இவன்!

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு விதி வைத்தேன். அட்டை முடித்தவன் அதை இன்னொருவனுக்குக் குச்சியால் செய்து காட்டிய பிறகுதான் அடுத்த அட்டை. வேகம் குறைந்தது. எங்கள் பள்ளி பின்தங்கிவிட்டது என்று ஒரு கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்கவைத்தார்கள். நின்றேன், என்ன செய்வது.

இப்போது உங்கள் 2/5-க்கு வருவோம். பியாஜே இந்தத் துறைக்கு வந்ததே தாள் திருத்தித்தான். 1920 வாக்கில் பாரிசில் குழந்தைகளுக்கு அறிவுச் சோதனை வைக்கிற வேலையில் இருந்தார். சரியான விடையை எண்ணுவதுதான் வேலை. அவருக்கோ தப்பு விடைகளில்தான் ஆர்வம் போனது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பு செய்கிறார்களே, அதற்குள் ஏதோ ஒழுங்கு இருக்கவேண்டும் என்று கேள்வி கேட்கத் தொடங்கினார். உங்கள் 22 பேரும் அப்படித்தான். 22 பேர் தனித்தனியாகக் குருட்டாம்போக்கில் அடித்தால் 22 விடை வரும். எல்லாரும் 2/5 எழுதினால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கிரிக்கெட் ஆடுகிற பையனைக் கேளுங்கள். முதலில் இரண்டு பந்தில் ஒரு ஃபோர், அப்புறம் மூன்று பந்தில் ஒரு ஃபோர், மொத்தம்? ஐந்து பந்தில் இரண்டு. அங்கே அது சரி. ஓரிடத்தில் உதவிய விதியைத்தான் பிள்ளை இங்கேயும் எடுத்துவருகிறது. "தப்பு, இதுதான் சரி" என்று நீங்கள் எழுதிப்போட்டால் நோட்டில் உங்கள் விடை இருக்கும், தலைக்குள் கிரிக்கெட் இருக்கும்.

அதனால் 1/2 + 1/3-இல் தொடங்காதீர்கள். வாயால் கேளுங்கள்: அரையும் காலும் எவ்வளவு? முக்கால் என்று பட்டென்று வரும். கடைக்குப் போய்வருகிற பிள்ளைகள். நம் மொழி அரை, கால், முக்கால், அரைக்கால், மாகாணி என்று பின்னத்துக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறது. அப்புறம் அதையே 1/2 + 1/4 என்று எழுதிப் போடச் சொல்லுங்கள். பாதிப் பேர் 2/6 எழுதுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். தாங்கள் சொன்னதும் தாங்கள் எழுதியதும் மோதுகிற இடம் அது. மாணவன் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறான் என்பதுதான் கற்றலில் எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று ஆசுபெல் என்ற உளவியலாளர் 1968-ல் எழுதினார். நமக்கு அந்த 'ஏற்கெனவே' காய்கறிக் கடையில் கிடக்கிறது.

மூன்றில் ஒன்றுக்குத்தான் சிக்கல். அதற்குக் கடையில் பெயர் இல்லை. காகிதக் கீற்று மடித்துத்தான் காட்டவேண்டும். கொஞ்ச நாளில் கீற்றை எடுத்துவிடுங்கள். கட்டட வேலைக்குக் கட்டுகிற சாரம் என்று வைகாட்ஸ்கி சொன்னது அதைத்தான், கட்டடம் எழும்பியதும் பிரித்துவிடவேண்டும்.

கோடு எழுதுபவன்:

கோவையில் இப்படிப்பட்ட செயலி ஒன்றுக்கு மூன்று வருடம் நிரல் எழுதியவன். கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு எழுதுகிறேன். விடை வரிசையைக் கலைத்துப்போடுவது ஒரு வரி வேலை, டீச்சர். எங்களுடையதிலும் ரொம்ப நாள் அது இல்லை. யாரும் கேட்கவில்லை. பிள்ளை எத்தனை நிமிடம் திரையில் இருந்தது, எத்தனை பாடம் 'முடித்தது' என்றுதான் எங்களைக் கேட்டார்கள், அதைத்தான் நாங்கள் எண்ணினோம். வாத்தியார் ஐயா சொன்ன ஏணிக் கதையைப் படித்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

நல்ல செயலி என்றால் 2/5-ஐ வேண்டுமென்றே நான்கில் ஒன்றாக வைத்து, அதைத் தொட்ட பிள்ளைக்குத் தவளையைக் கத்தவிடாமல் "2/5 அரையைவிடப் பெரிதா, சிறிதா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கும். தப்பு விடைதான் தகவல்.

1983-ல் ரிச்சர்ட் கிளார்க் என்ற ஆய்வாளர் ஒரு போடு போட்டார். மளிகைச் சாமான் கொண்டுவருகிற லாரியால் நம் உடம்பு தேறாது, அதுபோலத்தான் பாடம் கொண்டுவருகிற சாதனமும் என்றார். எனக்கு இது முக்கால்வாசி சம்மதம். பெரு நாட்டில் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளை வாரி வழங்கினார்கள். குழந்தை தானே செய்து பார்த்துக் கற்கும் என்ற கணினி அறிஞர் சீமோர் பப்பெர்ட்டின் கருத்துதான் அந்தத் திட்டத்துக்கு அடிப்படை. அவர் ஜெனீவாவில் பியாஜேவோடு வேலை பார்த்தவர். 15 மாதம் கழித்துச் சோதித்தபோது கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. கொள்கை என்னவோ அழகான கொள்கை. லாரி வந்தது, யாரும் சமைக்கவில்லை.

மீதிக் கால்வாசிக்கு டெல்லியில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். 2019-ல் வெளியான ஆய்வு. நடுநிலை வகுப்புப் பிள்ளைகளில் பலர் தங்கள் வகுப்புக்கு இரண்டு மூன்று வகுப்பு பின்னால் இருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொருவரையும் அவரவர் நிற்கிற இடத்தில் பிடித்து, அங்கிருந்து கேள்வி கொடுத்தது. பள்ளி முடிந்தபின் மையத்தில், கூட ஓர் ஆள் சிறு குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாலரை மாதத்தில் கணக்கில் நல்ல முன்னேற்றம். 31 பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வி போடுகிற ஒற்றைப் போர்டால் இது முடியாது. ஆளுக்கொரு திரை வேண்டும். எந்தச் சாதனம் எந்தக் கொள்கைக்குத் தோதுப்படும் என்று வாங்குவதற்கு முன்பே பார்க்கவேண்டும், எங்கே பார்க்கிறோம்!

ஒற்றைப் போர்டுக்குத் தோதான முறை வேறு. ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களில் செய்தது. கேள்வியைப் போடுங்கள். பிள்ளைகள் கையில் அ, ஆ, இ, ஈ என்று நான்கு நிற அட்டை. 'ம்' என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்கவேண்டும். சரியான விடையைச் சொல்லாதீர்கள். வேறு நிறம் தூக்கிய பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் சண்டை போடச் சொல்லுங்கள். மறுபடி தூக்கச் சொல்லுங்கள். முதல் தடவையே எல்லாரும் சரி என்றாலும், எல்லாரும் தப்பு என்றாலும் இது வேலைக்கு ஆகாது. பாதிக்குப் பாதி இருக்கும்போதுதான் சூடு பிடிக்கும்.

டெட் மூன்றாம் முறை:

ஐயா மன்னிக்கவும், ஒரு சின்னத் திருத்தம். சாரம் என்ற சொல் வைகாட்ஸ்கியுடையது இல்லை. அவர் 1934-லேயே 37 வயதில் காசநோயில் இறந்துவிட்டார். சாரக்கட்டு உவமை 1976-ல் வுட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்தது. சின்னக் குழந்தைகள் மரக்கட்டைகளைச் சேர்த்துப் பிரமிடு செய்யும்போது பக்கத்தில் இருப்பவர் எப்படி உதவுகிறார் என்று பார்த்தார்கள். வைகாட்ஸ்கி சொன்னது அண்மை வளர்ச்சி மண்டலம், அதாவது தனியாக முடியாதது, துணையோடு முடிவது. இரண்டும் ஒட்டிக்கொண்டதால் எல்லாரும் சேர்த்தே சொல்கிறோம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

நன்றி தம்பி. 34 வருடம் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் முறை நிச்சயம் தேறிவிடுவாய்.

கணக்கு டீச்சர்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலையாக, போர்டில் நான்கு விடைகள் வருகிற இடத்தை ஒரு சார்ட் அட்டையால் மறைத்தேன். கேள்வி மட்டும் தெரியும். நோட்டில் விடை எழுதிய பிறகுதான் அட்டையை எடுப்பேன். பிரெஸ்ஸி பேரனை ஸ்கின்னர் வீட்டுக்குத் தத்துக் கொடுக்க ஒரு சார்ட் போதுமானதாக இருந்தது. அன்றைக்கு முழுக்கத் தவளைக் கச்சேரிதான், பத்துக்கு மூன்று. போன வாரம் பத்து எடுத்தார்களே என்று தலைமை ஆசிரியர் கேட்டார். "சார், அந்தப் பத்து என்னுது, இந்த மூணு அவங்களுது" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, சிரித்துக்கொண்டே போனார்.

அரையும் காலும் என்று கேட்டேன். வகுப்பே முக்கால் என்று கத்தியது. எழுதச் சொன்னேன், ஐயா சொன்னபடியே 2/6 வந்தது, பாதிக்கு மேல். இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு நின்றேன். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம்! நாக்கு நுனிவரை விளக்கம் வந்துவிட்டது. கடைசியில் பின்வரிசைப் பையன் ஒருவன், தவளைக்காரர்களில் ஒருவன்தான், "ஆறுல ரெண்டுன்னா அது அரைகூட இல்லையே டீச்சர், அரையோட சேர்த்தா எப்படிக் கொறையும்?" என்றான். அதை அவன் வாயாலேயே இரண்டு தடவை சொல்லவைத்தேன்.

காகிதக் கீற்றுக்குப் பழைய விடைத்தாள்களை நீளமாக வெட்டினேன். இரண்டாக மடிப்பது எளிது. மூன்றாக மடிக்க ஒரு பாடவேளையே போயிற்று. ஒன்று பெரிசு, இரண்டு சிறிசு என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஆறு சென்டிமீட்டர் கீற்று வெட்டி, அளவுகோல் வைத்துக் குறித்துக்கொண்டோம். ஆறாக மடித்ததும் அரை என்பது மூன்று மடிப்பு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு மடிப்பு என்று பார்த்துவிட்டார்கள். நிற அட்டைச் சண்டையும் நடந்தது, அதில் இரண்டு பேர் இடைவேளைவரை பேசவில்லை.

கோடு எழுதும் தம்பிக்கு: பாட வீடியோவை இப்போது நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேட்கிறேன். ஏழு நிமிட வீடியோவுக்கு முப்பது நிமிடம் ஆகிறது.

நேற்று மறுபடி அரைத்தாள் வைத்தேன். 1/2 + 1/3-க்கு 19 பேர் 5/6. இன்னும் ஐந்து பேர் 2/5-இலேயே நிற்கிறார்கள், அவர்களோடு தனியாகக் கீற்றோடு உட்காரவேண்டும். மற்றவர்கள் வேறு வேறு தப்பு. மலைப்பள்ளி சார், நீங்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு, எனக்கு ஒரு பாடவேளைக்கு ஒரே வகுப்பு என்பதால்தான் இதெல்லாம் முடிகிறது.

ஆனால் இப்போது புதுத் தகராறு. யாரோ ஒரு டியூஷனில் குறுக்கே பெருக்குகிற வழியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1/2 + 1/4-ஐ அப்படிப் போட்ட நான்கு பேருக்கு 6/8 வந்திருக்கிறது. முக்கால்தானே வரவேண்டும், 6/8 எப்படிச் சரியாகும் என்று மற்றவர்கள் விடவில்லை. அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. மணி அடித்த பிறகும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். யார் சரி என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு எட்டு சென்டிமீட்டரில் கீற்று வெட்டிக்கொண்டிருக்கிறேன்.